பதினோராயிரம் வியாழன்

காற்று விழுந்திட்டுது, கெதியா வாங்கோ என்று
கிறேசியன் மாடியிலிருந்து கூப்பிட்டான்.
இரண்டு கிழமை வாடை உலுப்பிய கொட்டடியில்
அன்றைக்குத்தான் தண்ணீர்த் தாங்கியின் மூடி
சத்தம் போடாமல் கிடந்தது.

ஆறு அங்குலக் கண்ணாடி, ஒரு மடிக்கணினி, நுளம்புத்திரி.
உச்சிக்கு ஏறிய கோளை எங்கள் பெட்டிக்குழாய் மதிக்காது;
வலம் தள்ளினால் நின்று யோசிக்கும்.
நான் தள்ளினேன். அவன் பதிந்தான்.
இரண்டு நிமிடத்தில் பதினோராயிரம் வியாழன்,
ஒவ்வொன்றும் கொதியெண்ணெயில் புரளும் உழுந்து வடை.

நண்டுக் கம்பனியில் தரம் பிரிக்கிறவன் அவன்.
கால் ஒடிந்தது, ஓடு இளகியது, நிறை காணாதது என்று
நாள் முழுக்கத் தள்ளிப் பழகிய கை.
"ஐஞ்சு வீதம் காணும், மிச்சத்தை எறிவம்."
நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள்.
மூச்சுப் பிடிக்கத் தெரியாத பிள்ளையின் நெஞ்சையும்
வெளிச்சத்துக்கு ஏந்திப் பார்ப்பவள்.
"நாப்பது போடு."

ஆட்டோஸ்டாக்கர்ட் பச்சைக் கோடொன்று வரைந்தது,
நல்லதிலிருந்து ஆகாததுக்கு இறங்கும் சரிவு.
கோளின் முகம் முழுக்கச் சின்னச் சதுரங்கள்,
சதுரத்துக்கொரு வழக்கு, சதுரத்துக்கொரு தீர்ப்பு.
எனக்கு அந்தப் பொறுமை பிடிக்கும்.

அவனுக்கு ரெஜிஸ்டாக்ஸ்.
கிழட்டுப் புரோகிராம், பாதிவழியில் படுத்துவிடும்;
எழுப்பிவிட்டால் ஆறு தள்ளுகட்டை.
முதலாவதை இழுக்க மங்கல் கிழிந்து பட்டைகள் எழும்பும்.
இன்னும் இழுக்க விளிம்பில் வெங்காயத் தோல்.
அந்தத் தோல் வியாழனுடையதல்ல.

ஒரே கோப்பு. இரண்டு படம்.
அவனுடையதில் தெற்குப் பட்டைக்குக் கீழே
ஒரு வெள்ளைப் பொட்டு.
என்னுடையதில் வெறும் பால்நிறம்.

மாற்றிப் பார்த்தோம். என் நாற்பதை அவனுடைய கட்டைகளுக்குக் கொடுத்தோம்:
பொட்டு இருக்கலாம் என்றது.
அவனுடைய ஐந்தை என் சதுரங்களுக்குக் கொடுத்தோம்:
மணல். முழுக்க மணல்.

"வடிவா இருக்கிறதெல்லாம் பொய்யே?" என்று கோபித்தான்.
நான் அபிசனாவின் மணிக்கட்டைச் சொல்லவில்லை:
வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூர்மையைக் கூட்டி
நானே உண்டாக்கிய ஒரு மெல்லிய கோடு,
அதற்கு மாக்கட்டுப் போட எழுதிய வைத்தியர்,
அழாமல் கையை நீட்டிய பிள்ளை.

சரி, வியாழனையே கேட்போம்.
பத்து மணிக்கு உள்ளே தன்னைச் சுற்றி முடிக்கிற கோள்.
ஐந்து சுற்றுக்கு இரண்டு இரவு; அதே முகம்,
ஒன்றரை மணி நேரம் பிந்தி.

இரண்டாம் இரவு பண்ணைப் பக்கமிருந்து முகில்.
இரண்டு கதிரையிலும் இருந்து முகிலைப் பார்த்தோம்.
தேத்தண்ணி ஆறியது.

நான்காம் இரவு, இரண்டு மணிக்குக் கிட்ட,
இரவுவேலையிலிருந்து நேரே வந்தான்,
உடுப்பெல்லாம் நண்டு மணம்.
வானம் அசையாமல் நின்றது.
அப்படி ஒரு இரவை நான் முன்னர் கண்டதில்லை;
திரையில் ஓடும்போதே பட்டைகளின் கரை தெரிந்தது.

இருபது வீதம் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம், வாய் திறக்காமல்.
பச்சைக் கோடு. சதுரங்கள். கட்டைகள்.

பொட்டு இருந்தது.
ஒன்றல்ல, இரண்டு.
ஒட்டி ஒட்டி, அரிசிமணிபோல, இரண்டு புரோகிராமிலும்.

அவனுடைய ஒன்றும் பிழை.
என்னுடைய வெறுமையும் பிழை.
கொஞ்ச நேரம் மடிக்கணினியின் விசிறி மட்டும் கதைத்தது.

பிறகு திரையில் நகத்தை வைத்துக் கேட்டான்:
"இந்த ரெண்டுக்கும் நடுவில கிடக்கிற இடைவெளி,
அது அங்கயோ, இல்லாட்டி இஞ்சயோ?"

நான் கைபேசியை எடுத்து
இன்னும் ஐந்து சுற்று எண்ணத் தொடங்கினேன்.